ஒமாஹா கடற்கரையும் நமத்துப்போன பாப்கார்னும்

வடபழனி பக்கம் இருக்கிற தியேட்டர், பெயர் வேண்டாம். 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ என்கிற இரண்டாம் உலகப் போர்ப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள், சனிக்கிழமை இரவுக் காட்சி. சவுண்டுக்கு முழு மார்க்கே கொடுக்கலாம். பிரான்ஸின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் வந்த படகின் கதவு இறங்கியதும் முன்னால் நிற்கிறவர்கள் அப்படியே சரிவார்களே, அப்போது குண்டு நம் காதோரம் போகிறது, தலை தண்ணீருக்குள் போனதும் சத்தம் அமுங்கிவிடுகிறது, வீட்டு டிவியில் இதெல்லாம் கிடைக்காது.

இவ்வளவு ரத்தம் தேவையா என்று கூட வந்த மச்சான் கேட்டான். தேவை என்றுதான் எனக்குப் படுகிறது. துண்டான தன் கையை ஒருத்தன் குனிந்து எடுத்துக்கொண்டு போவான், அந்த இடத்தில் ஒரு விசில் இல்லை. நம் படங்களில் ஸ்லோமோஷனில் தலை உருளும்போது விழுகிற விசிலை நினைத்துப் பாருங்கள். அதற்காக ரத்தம் காட்டினால்தான் போர் உறைக்கும் என்றில்லை. ‘டன்கிர்க்’கில் (2017) ரத்தம் ரொம்பக் குறைச்சல், வயிறு என்னவோ கலங்கத்தான் செய்தது.

கடுப்பானது வேறு விஷயத்துக்கு. முன்சீட்டில் ஐந்து வயசுப் பையன், அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு “வீட்டுக்குப் போலாம்மா” என்று அழுகிறான். டிக்கெட்டை ஸ்கேன் செய்தவர் போனைப் பார்த்தபடியே உள்ளே விட்டிருக்கிறார். இடைவேளையில் மேனேஜரிடம் சொன்னால், “ஃபேமிலியா வர்றவங்கள எப்படி சார் தடுக்கிறது?” என்கிறார்.

அப்புறம், பாப்கார்ன் நமத்துப்போயிருந்தது. ஏசி பரவாயில்லை.