வட பிரான்சில் ரோடு பைக்: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

வாங்கிய ஒரே வாரத்தில் எழுதும் விமர்சனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. புது செயின், புது டயர், புது மாப்பிள்ளை எல்லாம் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். அதனால் ஐந்து வருடம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். வண்டி, செகண்ட்ஹேண்டில் வாங்கிய அலுமினிய ரோடு பைக். முன் ஃபோர்க் மட்டும் கார்பன், ஷிமானோ 105 கியர். ஓட்டிய இடம், பாரிசுக்கு வடக்கே சோம் ஆற்றைச் சுற்றியுள்ள பிக்கார்டி கிராமங்கள். தூரம் சுமார் 11,000 கிலோமீட்டர். "ஆல்ப்ஸ் இருக்கும்போது அந்தத் தட்டை நிலத்தில் என்னப்பா இருக்கு?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய, இது அவர்களுக்காகவும்தான்.

முதலில் அந்தத் தட்டை விஷயம். ஆற்றங்கரையோடு போனால் தட்டைதான். கால்வாய்ப் படகுகளைக் குதிரை இழுத்துப் போன பழைய பாதையைச் சைக்கிளுக்காகச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், பெரோன் ஊரிலிருந்து கடல் வரை போகலாம், ஆறு வயதுப் பிள்ளையும் ஓட்டும். ஆற்றை விட்டு விலகினால் சுண்ணாம்பு மேடுகள். ஐம்பது அறுபது மீட்டர் ஏறி, அதே அளவு இறங்கி, அடுத்த பள்ளத்தாக்கில் மறுபடி ஏறி, இப்படியே நாள் முழுக்கப் போனால் சாயங்காலம் தொடை கணக்குச் சொல்லும். ஆனால் உண்மையான மலை காற்றுதான். மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு. மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்றுக்கு அது கிடையாது. மரமே இல்லாத கோதுமை வயல் நடுவில் மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில், தலையைக் குனிந்துகொண்டு, யார் மேலும் கோபப்பட முடியாமல் ஓட்ட வேண்டும்.

இரண்டு வருடம் அடி வாங்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பாரிசின் கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக் கடற்கரைப் பக்கம் நுவாயேல் வரை போய்விட்டு, அங்கிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அமியான் நகருக்குத் திரும்பி ஓட்டுகிறேன். சேன்-வலேரியைத் தொட்டு வந்தால் 65 கிலோமீட்டர் சொச்சம். நான் போன உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனிக் காசு கேட்டதில்லை, ஆனால் ஞாயிறு மாலை சைக்கிளை மாட்டும் கொக்கி கிடைக்காது, வண்டியைப் பிடித்தபடி நின்றே வர வேண்டியிருக்கும்.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் பணம் அதிகம் போனது அதில்தான். 25 மில்லிமீட்டர் டயரோடு ஆரம்பித்தேன். முதல் இலையுதிர் காலத்தில் மட்டும் ஒன்பது பங்க்சர். கண்ணாடி இல்லை, ஆணி இல்லை. ஒவ்வொரு முறையும் டயரை உருவி விரலால் தடவிப் பார்த்தால் நகம் அளவுக்கு ஒரு கல் சில்லு, கறுப்பும் தேன் நிறமும் கலந்து, ஓரம் பிளேடு மாதிரி. சிக்கிமுக்கிக் கல். இந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குள் அது மண்டிக் கிடக்கிறது. உழும்போது மேலே வந்து, டிராக்டர் சக்கரத்தோடு சாலைக்கு வந்து, மழை பெய்தால் டயரில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. நகரத்தில் ஒரு கடைக்காரர் ட்யூப்லெஸ் போடு, பிரச்சினையே வராது என்று மாட்டிக் கொடுத்தார். அவர் சரியாக அடைக்காததில், முப்பதாவது கிலோமீட்டரில், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் வெள்ளைப் பசையெல்லாம் என் முதுகில்.

இப்போது சாதாரண ட்யூபோடு 32 மில்லிமீட்டர், பங்க்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர், 60 பிஎஸ்ஐ காற்று. ஃபிரேமில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான் மிச்சம். வேகம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. போன வருடம் முழுக்க இரண்டே பங்க்சர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமியான் நகரிலேயே சேன்-அஷேல் என்று ஒரு பகுதி. அங்கே கிடைத்த கைக்கோடரிகளை வைத்துத்தான் அந்தக் கற்கருவிப் பண்பாட்டுக்கே அஷூலியன் என்று பெயர் வந்தது. நம் ஊர் அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவற்றையும் அதே பெயரில்தான் சொல்கிறோம். பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார் என்று பள்ளியில் படித்திருப்போம் இல்லையா, அந்தச் சங்கிலியின் இன்னொரு முனை இங்கே. அங்கே குவார்ட்சைட், இங்கே சிக்கிமுக்கி. அதைப் படித்த பிறகு டயரிலிருந்து எடுத்த சில்லுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

வரலாற்று இடங்களுக்கு வருவோம். அமியான் கதீட்ரல் 1220-ல் கட்ட ஆரம்பித்தது, உள்ளே 42 மீட்டர் உயரம், பார்க்க வேண்டியதுதான், ஆனால் பெடலில் மாட்டும் கிளீட் ஷூவோடு அந்தக் கல்தரையில் நடந்து சறுக்கி விழுந்தவன் என்ற முறையில் அதற்கு மேல் எழுத மாட்டேன். கிரெசியில் 1346-ல் ஆங்கிலேய வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரைப்படையை நொறுக்கினார்கள். இன்று ஒரு மரக்கோபுரமும் வயலும்தான், ஐந்து நிமிடம் போதும். பக்கத்துக் காடு நன்றாக இருக்கும், வெயிலில் அங்கே போங்கள்.

முதல் உலகப்போர்ப் பகுதி வேறு மாதிரி. அமியானிலிருந்து கோர்பி, அல்பேர் வழியாகத் தியெப்வால் வரை 40 கிலோமீட்டருக்குப் பக்கம். அல்பேர் தாண்டியதும் வயலுக்கு நடுவே, பண்ணை வீட்டுக்குப் பின்னால், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என்று வெள்ளைக் கல்வரிசைகள் வர ஆரம்பிக்கும். சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று, ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். காரில் வந்தால் அது வெறும் எண். சைக்கிளில் வந்தால் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பாட்டில் தண்ணீர் இரண்டு மடக்குக்கூடக் குறைந்திருக்காது, அந்த நெருக்கம் காலுக்குத் தெரிகிறது. லா புவாசேலில் அன்று காலை 7.28-க்கு, தரைக்கடியில் தோண்டி வைத்து வெடித்த குண்டின் பள்ளம் அப்படியே இருக்கிறது, கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலம். தியெப்வால் நினைவு வளைவை வடிவமைத்தவர் பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்டும் அவருடையதுதான். உடல் கிடைக்காத 72,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் அதில். பிற்பாடு யாருடைய எலும்பாவது கிடைத்து அடையாளமும் தெரிந்தால் அந்தப் பெயரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

எலும்பு மட்டுமல்ல, குண்டும் கிடைக்கிறது. மூன்றாம் வருடம் மார்ச்சில் ஒரு மின்கம்பத்தின் அடியில், துருப்பிடித்த, ஈர மண் ஒட்டிய, பெரிய மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கிட்டே போய்க் குனிந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. உழும்போது கிளம்புகிற குண்டுகளை விவசாயிகள் இப்படி ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லியனுப்புவார்கள், செயலிழக்கச் செய்யும் குழு வந்து எடுத்துப் போகும். தொடாதீர்கள், பக்கத்தில் வண்டியைச் சாய்த்துப் படமும் எடுக்காதீர்கள்.

இந்தியர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இரண்டு இடம். பெரோன் அருகே லா ஷப்பலெத் கல்லறைத் தோட்டத்தில் இந்தியர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. இன்னொன்று நோவ் ஷப்பெல், லில் நகரிலிருந்து அரை நாள் சவாரி, 1927-ல் திறந்த வட்டமான நினைவிடம், தாமரை முடி வைத்த தூண், இரண்டு பக்கமும் புலி. 4,700-க்கும் அதிகமான பெயர்கள், அதில் 1915 மார்ச் 10 அன்று இறந்து விக்டோரியா கிராஸ் பெற்ற, கார்வால் ரைபிள்ஸின் கப்பர் சிங் நேகியும் ஒருவர். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போர்த்துகீசியர்களின் கல்லறைத் தோட்டம்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது நுவாயேல் பக்கத்தில் நோலெத் என்ற குக்கிராமம். பிரிட்டிஷ் படைக்குக் கூலி வேலைக்கு வந்த சீனர்கள் 800-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வாசலே சீன பாணியில் இருக்கும். கல்லில் சீன எழுத்து, கீழே ஓர் எண். சண்டை முடிந்த பிறகும் குண்டு பொறுக்கவும் பள்ளம் மூடவும் இருந்து, காய்ச்சலில் போனவர்கள் நிறையப் பேர்.

நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. கிராமங்களில் கடையே இல்லை. இருக்கிற ரொட்டிக் கடையும் மதியம் மூடும், திங்களன்று பெரும்பாலும் திறக்காது. தண்ணீருக்கு இங்கே சைக்கிள்காரர்கள் செய்வதையே நானும் செய்கிறேன்: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவிடம் போனில் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம், "வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தலைக்கு ஊத்திக்கிட்டியா?" என்றார்.

போக்குவரத்து குறைவு, ஓட்டுநர்களும் ஒதுங்கித்தான் போகிறார்கள். ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். அல்பேர்-பப்போம் நேர்ச்சாலையில் மட்டும் போகாதீர்கள், லாரிகள். கிராமத்துக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, சந்துக்குள்ளிருந்து டிராக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வரும். அக்டோபர், நவம்பரில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் அறுவடை, சாலை முழுக்கச் சேறு, மட்கார்டு இல்லாமல் போக வேண்டாம். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள் இரவு, பாரிசில் கார் து நோர் பக்கத்தில், தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பெல் பகுதியில் கொத்து ரொட்டி வாங்க நின்றேன். கடைக்கார அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வயல் உழுதிட்டு வாறீங்களோ?" என்றார். செயினும் காசெட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) இந்த ஐந்து வருடத்தில் மூன்று முறை மாற்றியதற்கு அந்தச் சேறுதான் காரணம்.

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஜூன் முதல் இரண்டு வாரம். ஆளிச் செடி (லினன் துணிக்கு நார் தருவது) பூக்கும் காலம். ஏக்கர் கணக்கில் வெளிர் நீலம், காற்றடித்தால் தண்ணீர் மாதிரி அலையும். ஆனால் அந்தப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். பத்து மணிக்கு நீலமாகப் பார்த்த வயலை இரண்டு மணிக்குத் திரும்பும்போது வெறும் பச்சையாகப் பார்த்து, வழி தப்பிவிட்டோம் என்று நான் வரைபடத்தை எடுத்திருக்கிறேன். முதல் ரயிலைப் பிடியுங்கள்.