பைக் அலாரம்: டீலர் மாட்டியதும் நானே மாட்டியதும்

என்னிடம் இருந்த இரண்டு பைக்குகளில் ஒன்றுக்கு டீலரே அலாரம் மாட்டிக் கொடுத்தார். இன்னொன்றுக்கு நானே மாட்டினேன். இரண்டையும் சில வருடங்கள் ஓட்டிவிட்டேன். மாட்டுவதும் ப்ரோகிராம் செய்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதுதான் எனக்குப் புரிந்தது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள யாரும் மாட்டிவிடலாம். ப்ரோகிராம் விஷயத்தில் நாம் எதுவரை போகலாம் என்பதைப் பைக் கம்பெனி முன்பே முடிவு செய்துவிடுகிறது.

உதாரணத்துக்கு, கம்பெனியிலிருந்தே வரும் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை எடுக்க விடாத அமைப்பு. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு ஆன்டெனா வளையம் இருக்கும். சாவியில் உள்ள சிப்புக்குப் பேட்டரி கிடையாது. அந்த வளையத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் குறியீட்டைச் சொல்லும். அது பொருந்தினால்தான் இன்ஜின் எடுக்கும். புதுச் சாவியைப் பதிய பல மாடல்களில் டீலரின் டயக்னாஸ்டிக் கருவி வேண்டும். அதோடு மல்லுக்கட்டுவது வீண். ஆனால், பதிந்த சாவி ஒன்றாவது கையில் இருக்கும்போதே டீலரிடம் போய்விடுங்கள். எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு போனால், சில மாடல்களில் ஈசியுவையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்வார்கள்.

ஹார்லி டேவிட்சன் மாதிரி சில கம்பெனிகள் நடுவழியில் நிற்கின்றன. ரிமோட் கையில் இல்லாதபோது அலாரத்தை அணைக்க ஐந்து இலக்க பின் நம்பர் ஒன்று உண்டு. இண்டிகேட்டர் பட்டன்களையே அழுத்தி அதைக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் டீலரிடம் ஓட வேண்டாம், கையேடு போதும். வண்டி வாங்கும் அன்றே அந்த நம்பரைக் கேட்டு எழுதி வையுங்கள். ரிமோட் பேட்டரி எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது.

இனி வெளியில் வாங்கி மாட்டும் அலாரத்துக்கு வருவோம். என் முதல் பைக்கில் டீலர் செய்த வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. சீட்டுக்கு அடியில் டேப் சுற்றி, கேபிள் டை போட்டு, ஒரு வயர் வெளியே தெரியாது. சில மழைக்காலம் போன பிறகு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நிற்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால், வயரின் தோலைச் சீவாமல் மேலேயே கடித்துப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகளை வைத்து இணைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பிடித்துவிட்டது. இருந்தும் அலாரத்துக்குப் போகும் வயர் விட்டுப்போனால் ஓடும் இன்ஜின் ஏன் நிற்க வேண்டும்? மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயை மாட்டியிருந்த விதம்தான் காரணம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டீலரே மாட்டினாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜினைத் தடுக்கும் ரிலேயில் 30, 85, 86, 87, 87ஏ என்று கால்கள் இருக்கும். 30, 87 வழியாக மாட்டினால், அலாரம் ரிலேக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் இன்ஜின் ஓடும். திருடன் அலாரத்தைப் பிடுங்கிப் போட்டாலும் வண்டி எடுக்காது, அது லாபம். ஆனால் ஒரு இணைப்பு தளர்ந்தாலே நடுரோட்டில் வண்டி செத்துவிடும். 30, 87ஏ வழியாக மாட்டினால் இதற்கு நேர் எதிர்: அலாரம் பழுதானாலும் வண்டி ஓடும், அதைப் பிடுங்கத் தெரிந்தவனுக்கும் ஓடும். என் பைக்கில் முதல் முறையில் மாட்டியிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டியவர் வேலையை விட்டுப் போயிருந்தார், வயரிங் வரைபடமும் கிடைக்கவில்லை.

இரண்டாவது பைக்கில் நான் 87ஏ முறைக்குப் போனேன். திருடனைவிட எனக்குப் பின்னால் வரும் லாரிதான் எனக்குப் பெரிய பயம். பாதுகாப்பில் குறைந்ததை டிஸ்க் லாக் கொண்டு ஈடுகட்டிக்கொண்டேன். இணைப்புகளைச் சால்டர் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அருகிலேயே டை கட்டினேன். டை முக்கியம், சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகி, அதிர்வில் முறியும். ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் பைக்கில் கேன் பஸ் (மின்னணு மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு) இருந்தால் பல்பு வைத்த டெஸ்டரால் வயர்களைக் குத்திப் பார்க்காதீர்கள். அந்த பல்பு இழுக்கும் கரன்ட்டை சில மாட்யூல்கள் தாங்காது.

ப்ரோகிராமிங் நான் பயந்த அளவுக்கு இல்லை. அலாரத்தின் கற்றல் (லேர்ன்) பட்டனை அழுத்திப் பிடித்து ரிமோட்டை அழுத்தினால் பதிந்துவிடுகிறது. மற்ற அமைப்புகளுக்கு எல்இடி எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் கஷ்டமில்லை. அதிர்வு சென்சாரின் உணர்திறனைக் குறைவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். அதிகம் வைத்தால் இடி இடித்தாலே சைரன் அலறும், அப்புறம் அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும் வசதிக்கான வயரை நான் இணைக்கவே இல்லை. கியரில் நிற்கும் வண்டியை யாரோ பாக்கெட்டிலிருந்து ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: ரிமோட் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் ரோலிங் கோடா, மாறாத நிலைக் கோடா? மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். அதைப் பக்கத்தில் நின்று பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினாலே அலாரம் அணைந்துவிடும். இதில் காசு மிச்சம் பிடிப்பது வேஸ்ட்.

நீண்ட நாள் பயன்பாட்டில் எல்லோரும் சொல்லும் புகார், பேட்டரி இறங்குவது. கணக்குப் போட்டால் தெரியும். அலாரம் 10 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி, 30 நாளில் 7.2. சின்ன பைக் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மாட்டி முடித்ததும் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை இடையில் வைத்து அளந்து பாருங்கள். முதலில் பெரிய ரேஞ்சில் வைக்க வேண்டும், அளக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் அது சார்ஜ் ஆகி முடியும்வரை அளவு கூடுதலாகவே காட்டும்.

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் புது வண்டி என்றால் டீலரிடமே விடுங்கள், பில்லில் அலாரத்தின் மாடல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரிஜினல் ஹார்னஸை (வயர் தொகுப்பை) நாம் வெட்டியிருந்தால் பின்னால் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் அதைக் காட்டி வாரண்டியை மறுக்க வழி கிடைத்துவிடும். சில இன்சூரன்ஸ் பாலிசிகளும் அங்கீகரிக்கப்பட்டவர் மாட்டியதற்கான சான்றிதழ் கேட்கின்றன. வாரண்டி முடிந்த வண்டி என்றால் என் ஓட்டு நாமே மாட்டுவதற்குத்தான். அப்படி மாட்டினால் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, உதிரி ரிமோட்டோடு வீட்டில் வையுங்கள். முதல் பைக்கை விற்கப் போனபோது வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வியே அலாரம் வயரிங்கைப் பற்றித்தான்.