ஆக்சிஜன் கணக்கா, எலக்ட்ரான் கணக்கா, ஆக்சிஜனேற்ற எண்ணா?

ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா இல்லையா என்று கேட்டால், விடை காண மூன்று வழிகள் உண்டு. பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் நான் மூன்றையும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால், முதலில் கையில் எடுக்கச் சொல்வது ஆக்சிஜனேற்ற எண்ணைத்தான்.

ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம், நீங்கினால் ஒடுக்கம். ஹைட்ரஜனுக்கு இது நேர்மாறு. தொடக்கத்துக்கு இது போதும். சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகும்போது ஆக்சிஜனும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை. இந்த வழி அங்கேயே நின்றுவிடுகிறது.

எலக்ட்ரான் கணக்கு அதைவிட ஆழமானது. எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகட்டைப் போட்டால் நீலம் வெளுத்து, தகட்டின்மேல் செம்பு படிகிறது. துத்தநாகம் இழந்த இரண்டு எலக்ட்ரான்களைக் காப்பர் அயனி வாங்கிக்கொண்டது என்பது உடனே விளங்கிவிடும். ஆனால் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு தனி அயனியாக இல்லை. நான்கு ஆக்சிஜன்களோடு பிணைந்திருக்கிறது. அங்கே எலக்ட்ரான் எந்த அணுவுக்குப் போனது என்று மாணவன் எதை வைத்துச் சொல்வான்?

ஆக்சிஜனேற்ற எண் என்பது சேர்மத்தில் ஓர் அணுவுக்குக் கணக்குக்காக நாம் கொடுக்கும் மின்சுமை. அது ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம், எந்த அணுவுக்கும் மாறாவிட்டால் இரண்டும் இல்லை. இதற்குச் சில விதிகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். தனிமத்துக்கு 0. ஆக்சிஜனுக்குப் பொதுவாக -2, பெராக்சைடில் -1. ஹைட்ரஜனுக்கு +1, உலோக ஹைட்ரைடில் -1. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த மின்சுமை வர வேண்டும். அவ்வளவுதான் செலவு.

வரவு எங்கே என்றால், ஒரு வினையை ‘இது அல்ல’ என்று உறுதியாகத் தள்ள முடிவதில். தேர்வில் மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மஞ்சள் நிறக் குரோமேட் கரைசலில் அமிலம் விட்டால் ஆரஞ்சு நிற டைகுரோமேட் ஆகிறது. நிறம் மாறியது, ஆக்சிஜன்களின் எண்ணிக்கையும் மாறியது. எனவே ஆக்சிஜனேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள். குரோமேட்டில் நான்கு ஆக்சிஜன்களுக்கு -8, அயனியின் மின்சுமை -2. ஆகவே குரோமியம் +6. டைகுரோமேட்டில் ஏழு ஆக்சிஜன்களுக்கு -14, மின்சுமை அதே -2. இரண்டு குரோமியத்துக்கும் சேர்த்து +12, ஒன்றுக்கு +6. எதுவும் மாறவில்லை. அதே அமிலம் கலந்த ஆரஞ்சுக் கரைசலில் பெரஸ் சல்பேட்டைச் சேர்த்தால் பச்சையாகும். இப்போது குரோமியம் +3க்கு இறங்க, இரும்பு +2இலிருந்து +3க்கு ஏறுகிறது. இரண்டு நிற மாற்றங்களில் எது உண்மையான ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் என்பதைக் கண் சொல்லாது, எண் சொல்லும்.

சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும் வினையும் இப்படித்தான். கல்லிலிருந்து ஆக்சிஜன் பிரிந்து போவதுபோல் தெரியும். கால்சியம் +2, கார்பன் +4, ஆக்சிஜன் -2, முன்னும் பின்னும் அதேதான். பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கினால் மட்டும் குளோரின் +5இலிருந்து -1க்கு விழுகிறது, ஆக்சிஜன் -2இலிருந்து 0க்கு ஏறுகிறது. குளிர்ந்த, நீர்த்த காஸ்டிக் சோடாவில் குளோரினைச் செலுத்தும்போது அதே குளோரினில் ஒரு பங்கு -1 ஆகவும் மறு பங்கு +1 ஆகவும் பிரிவதையும் இந்த எண்தான் பிடித்துக்கொடுக்கிறது. நேரம் குறைவு என்றால், சமன்பாட்டின் ஒரு பக்கம் தனிமமாக இருப்பது மறுபக்கம் சேர்மத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அநேகமாக அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையேதான்.

கரிமச் சேர்மங்களில் மட்டும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியை நான் அதிகம் நடத்தியதில்லை. அசிட்டிக் அமிலத்தில் கார்பனின் சராசரி 0 என்று வரும். தனித்தனியே பார்த்தால் ஒன்று -3, மற்றது +3. சராசரி அங்கே பெரிதாக எதையும் சொல்வதில்லை. எத்தனால் அசிட்டால்டிஹைடாகும்போது இரண்டு ஹைட்ரஜன்கள் போவதைப் பார்த்தே ஆக்சிஜனேற்றம் என்று எழுதிவிடலாம். அங்கே பழைய கணக்கே வேகமானது.