காக்கட்ரைஸா, எக்ஸ்மேஜா?
'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டாட்டத்தை இணையத்தில் ஆட இரண்டுமே திறமூல மென்பொருள்கள்தான். காக்கட்ரைஸ் வெறும் மேசை மட்டும், விதியைப் பார்க்காது. கன்ட்ரோல்+டி அழுத்தினால் சீட்டு வரும், கன்ட்ரோல்+யு பக்கவாட்டில் திருப்பி வைத்த உங்கள் சீட்டுகள் எல்லாவற்றையும் நிமிர்த்தும். உயிர்ப்புள்ளியை நீங்களே குறைக்க வேண்டும். புதிய தொகுப்பின் சீட்டுகள் தெரியவில்லையா? கூடவே வரும் ஆரக்கிள் என்ற, சீட்டு விவரங்களை இறக்கும் நிரலை மறுபடி ஓட்டுங்கள். சொந்த சர்வருக்கு 4747 போர்ட்டைத் திறக்க வேண்டும். ரவுட்டரில் இதைத் திறக்காவிட்டால் வெளியிலிருந்து நண்பர்கள் நுழைய முடியாது.

எக்ஸ்மேஜ் விதிகளைத் தானே அமல்படுத்தும், கணினியோடும் ஆடலாம். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஜாவாவில் நிரல் எழுதியாக வேண்டும். எழுதாத சீட்டை ஆட வழியில்லை. கிளையன்ட், சர்வர் பதிப்புகள் பொருந்தாவிட்டால் இணைப்பே கிடைக்காது.

விதி பழகாதவருக்கு எக்ஸ்மேஜ்தான் சரி. சொந்தமாகச் சீட்டு வடிவமைத்துச் சோதிப்பவருக்குக் காக்கட்ரைஸ்.