இருபத்தைந்து விதை, நாற்பத்தொரு நாள்: ஒரு குடுவைச் செடி விதைப் பெட்டி

பொட்டலத்தின் மேல் பேனாவால் ஒரு தேதி எழுதியிருந்தது: 19 ஆகஸ்ட் 2023. விதை எடுத்த நாள். இந்தப் பெட்டிக்கு இங்கே மொரிஷியஸில் நான் கொடுத்த 1,450 ரூபாயில் பாதி அந்த ஒரு வரிக்கே தகும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தைய வருடம் இணையத்தில் வேறொருவரிடம் நூறு விதை வாங்கி ஏமாந்தேன். படத்தில் நீலத்தில் ஒரு குடுவை, ஊதாவில் ஒரு குடுவை. வந்தது துளசி விதை மாதிரி கறுப்பாக, உருண்டையாக இருந்தது. நாலாம் நாளே முளைத்துவிட்டது. பத்தாம் நாள் மாமியார் குனிந்து பார்த்து, "இது கீரை வகை" என்று கிரியோலில் சொன்னார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தொட்டியைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகும்வரை பேசவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நெப்பந்திஸ் என்பதுதான் பூச்சி பிடிக்கும் இந்தக் குடுவைச் செடியின் பெயர்; நீலக் குடுவை அதன் எந்த இனத்திலும் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

உண்மையான விதை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னந் துடைப்பக் குச்சியை நகத்தால் நார் நாராகக் கிழித்தால் ஒரு நார் வருமே, அப்படி. வெளிர்பழுப்பு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையும் மெலிந்து நடுவில் மட்டும் சின்னதாக ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புக்குள்தான் கரு. மீதியெல்லாம் காற்றில் பறக்க. மூச்சு விட்டாலே பறந்துவிடும். விதைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். புடைப்பே இல்லாத நார் வெறும் பதர். என் பொட்டலத்தில் எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்திலும் புடைப்பு இருந்தது.

விற்பவர் இந்தத் தீவிலேயே இருக்கிறார். பெரிய கடை இல்லை, வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை போட்ட கொட்டகை. நெப்பந்திஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் மகரந்தம் சேர்த்து விதை எடுக்க முடியும். அவர் அதைத் தானே செய்கிறார். வெளிநாட்டிலிருந்து விதை வரவழைப்பதென்றால் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் நலச்சான்று எல்லாம் வேண்டும். அது சரியான விதிதான், அயல் செடிகளால் இந்தத் தீவின் காடு பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் இந்த விதை அஞ்சலில் காத்துக் கிடந்தால் வீணாகிவிடும். அறையின் சூட்டில் வைத்தால் சில மாதத்திலேயே உயிர் போய்விடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதனால்தான் அந்தத் தேதி எனக்கு அவ்வளவு முக்கியம்.

நான் வாங்கியது வென்ட்ரிகோசா என்ற நெப்பந்திஸ் இனம். பிலிப்பைன்ஸ் மலைகளில் வளர்வது, இடுப்பு ஒடுங்கிய குடுவை. நாங்கள் இருப்பது கியூர்பிப், ஃபாரஸ்ட் சைட் பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர் உயரம், வருடம் முழுக்க மழை, ஜூலையில் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். மலைச் செடிக்கு இது போதும். கடலோரத்தில் போர்ட் லூயியிலோ மாயேபூரிலோ இருப்பவர்கள் சமவெளி இனமான மிராபிலிஸ் கேட்டு வாங்குங்கள். அவரிடம் அதுவும் உண்டு.

சரி, பெட்டிக்குள் என்னென்ன? மூடியோடு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அழுத்திக் காயவைத்த ஸ்பேக்னம் பாசி ஒரு கட்டி, தேங்காய்நார்த் தூள் வில்லை ஒன்று, கிளிப் போட்ட சின்ன எல்ஈடி விளக்கு, ஒரு தாள் குறிப்பு, விதைப் பொட்டலம்.

பாசி முதல் தரம். ஊறவைத்ததும் நீளநீளமாக விரிந்தது, குச்சி குப்பை இல்லை. கத்தரியால் பொடியாக நறுக்கித் தட்டில் இரண்டு விரல்கட்டை உயரம் பரப்பினேன்.

தேங்காய்நார் வில்லையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊறவைத்த தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டேன், 430 காட்டியது. எங்கள் வீட்டு மழைத்தண்ணீர் 8. சத்தில்லாத மண்ணில் பிழைப்பதற்காகத்தான் இந்தச் செடி இலை நுனியையே குடுவையாக்கிப் பூச்சி பிடிக்கிறது. வேர் உப்பைத் தாங்காது. 50-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தேங்காய்நாரைப் பல தடவை கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் தடவை வளர்க்கிறவர் கையில் கழுவாத வில்லையைக் கொடுப்பது தவறு, இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன்.

விளக்கும் போதாது. புத்தகம் படிக்க ஆகும், நாற்றுக்கு ஆகாது. சமையலறையில் மாற்றி வைத்திருந்த 18 வாட் வெள்ளை எல்ஈடி பட்டியை ஒரு சாண் உயரத்தில் கட்டி, தினமும் பதின்மூன்று மணி நேரம் எரியவிட்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது அந்தக் குறிப்புத் தாள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் "இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும்" என்று போட்டிருக்கிறது. முளைக்காது. ஒரு மாதம், ஒன்றரை மாதம், இரண்டு மாதம். சில விதைகள் அதையும் தாண்டும். மூன்று வாரம் முடிந்ததும் பாசியைக் குப்பையில் கொட்டியவர்கள் எத்தனை பேரோ. கொட்டிய பாசியில் உயிருள்ள விதை இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கஷ்டப்படுகிறது.

2023 அக்டோபர் 2 அன்று விதைத்தேன். விதையைப் புதைக்கக் கூடாது. பாசியின் மேல் சும்மா படுக்கவைத்து, மழைத்தண்ணீரைப் புகைபோல் தெளித்தால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூடி, வெளிச்சம், காத்திருப்பு. மூடியில் நீர் கோத்துச் சொட்டி விதையை மூலைக்குத் தள்ளுவதைப் பார்த்து, மூடியின் ஒரு பக்கத்தில் தீக்குச்சி வைத்துச் சற்றே சாய்த்தேன். சொட்டு ஓரமாக வழிந்து போயிற்று.

நாற்பத்தொன்றாம் நாள் தீபாவளி, நவம்பர் 12. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடியே மகள் கத்தினாள். அவளுடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். நாரின் நடுப்புடைப்பு கீறியிருந்தது. உள்ளிருந்து பச்சையாக ஒரு கழுத்து வளைந்து வெளியே வந்து, விதையுறையைத் தலையில் தொப்பிபோல் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் தொப்பி கழன்று இரண்டு விதையிலைகள் விரிந்தன, ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சற்றுப் பெரிது. மாமியார் நாற்பது வருடமாக அந்தூரியம் வளர்ப்பவர். மரப்பெரணி நாரில் எதை வைத்தாலும் வேர் பிடிக்கவைத்துவிடுவார். அவரே அன்று கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. கடைசி விதை முளைத்தது 88-ஆம் நாள். மொத்தம் பதினேழு.

ஜனவரி 15 பெலால் புயல் வந்தபோது தட்டை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளறைக்குத் தூக்கினேன். அவசரத்தில் சாய்ந்துவிட்டது, இரண்டு நாற்றுகள் பாசிக்கு அடியில் போய் அழுகிவிட்டன. எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இரண்டு நாள் இருட்டு நாற்றுகளை ஒன்றும் செய்யவில்லை, அதனால் புயல் காலத்தில் விதைக்கப் பயப்பட வேண்டாம்.

காவடிக்கு முதல் நாள்தான் முதல் குடுவையைச் சரியாகப் பார்த்தேன். இந்தச் செடி பெரிதாகும்வரை காத்திருப்பதில்லை, விதையிலைக்கு அடுத்து வரும் முதல் இலையே குடுவையோடுதான் வருகிறது. உயரம் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் எல்லாம் இருந்தது: மூடி, வாயைச் சுற்றி விளிம்பு, முன்பக்கம் இரண்டு வரியாக மயிர், உள்ளே ஒரு ஊசிமுனைத் துளி நீர். கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனால் நீரில் ஏதோ வெள்ளைப் புள்ளி. பாசியில் திரியும் குட்டிப் பூச்சி ஒன்று விழுந்திருந்தது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இந்தச் செடியின் படத்தைக் கும்பகோணத்தில் பென்சிலால் வரைந்து பாகம் குறித்தவள் நான். உயிரோடு ஒன்று வேட்டையாடிப் பார்க்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

மொரிஷியஸில் இயற்கையாக நெப்பந்திஸ் கிடையாது. ஆனால் வடக்கே செஷல்ஸில் ஓர் இனம், மேற்கே மடகாஸ்கரில் இரண்டு. ஐரோப்பியர் இந்தச் செடியைப் பற்றி முதன்முதலாக எழுதிவைத்ததும் மடகாஸ்கர் செடியைப் பார்த்துத்தான்: பிரெஞ்சு ஆளுநர் ஃப்ளாகூர், 1658. நம் பக்கத்துக் கடலோரத்துச் செடி என்று மகளிடம் வரைபடத்தில் காட்டினேன்.

மார்ச்சில் சின்னக் கறுப்பு ஈக்கள் வந்தன. ஈரப் பாசியில் முட்டையிடும், புழு இளவேரைத் தின்னும். ஈ ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை வைப்பதற்குள் நாலு நாற்று போய்விட்டது. பாசியின் மேல் வழவழவென்று பச்சைப் படலம் ஏறினால் மூடியைத் தினமும் அரை மணி நேரம் திறந்துவையுங்கள். ஆறாவது மாதத்திலிருந்து, மீன் தீனியை விரலால் பொடித்து, ஈரப் பல்குச்சி நுனியில் ஒட்டும் அளவு குடுவைக்குள் விட்டேன், மாதம் ஒரு முறை. மண்ணில் உரம் போடவே கூடாது.

மிச்சம் பதினொன்று. முதல் வருட முடிவில் ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சிறியவை; இரண்டு வருடம் முடிந்த இப்போது பெரியது உள்ளங்கை அகலத்தில் பாதி, குடுவை சுண்டுவிரல் நகம் அளவு. பூக்க இன்னும் சில வருடம் ஆகும். அவசரக்காரர்கள் வளர்ந்த செடியாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

பெட்டியாக வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. விதையும் பாசியும் மட்டும் கேளுங்கள், 650 ரூபாய்க்குத் தருகிறார். தட்டுக்குப் பதில் பிரியாணி வரும் மூடிபோட்ட டப்பா போதும். குறிப்புத் தாளைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் கோணாமல் கேட்டு, என் எதிரிலேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார்: இரண்டு மாதம், சில சமயம் அதற்கும் மேல். அடுத்த அச்சில் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பொட்டலம் போன வாரம் வந்தது. மேலே தேதி இருக்கிறது, விதை எடுத்துப் பதினேழு நாள்தான். கருவேப்பிலைக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமை மகளுக்குப் பள்ளி விடுமுறை, அன்று விதைக்கிறோம்.