48,000 ராண்ட் போயிற்று: கேமரா வாடகைக்கு எடுப்பவர்கள் கவனம்

டர்பனில் கேமரா வாடகைக்கு விடும் ஒரு கடையில் 48,000 ராண்ட் கொடுத்து ஏமாந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது. சுற்றிலும் கேமரா நிறுத்தி முப்பரிமாணக் காணொளி எடுக்க நினைப்பவர்களுக்கு வேண்டியதையெல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு 72 வயது. இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் பெற்றுவிட்ட நம் தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர். எந்தப் பக்கத்திலிருந்தும் சுற்றிப் பார்க்கும்படி அவர் ஆட்டத்தைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். அதற்கு 16 கேமராக்களின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். அப்படித் திறக்க வைக்கும் வசதிக்குத்தான் ஜென்லாக் என்று பெயர். "ஜென்லாக் இருக்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டேன். கடைக்காரர் 16 திரைகளையும் என் பக்கம் திருப்பினார். எல்லாவற்றிலும் ஒரே எண்கள் ஒன்றாக ஓடின. "நீங்களே பாருங்கள், இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றார். அந்த எண்களை நம்பித்தான் 48,000 ராண்டையும் அங்கேயே கட்டினேன்.

அது வெறும் டைம்கோடு! எந்தப் பிரேம் எந்த நேரத்தது என்று சீட்டு ஒட்டுமே தவிர, ஷட்டர்களை ஒன்றாகத் திறக்க வைக்காது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது இரு கேமராக்களுக்கிடையே 16 மில்லிநொடி வரை பிசகலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கணினியில் உருவத்தைக் கூட்டிப் பார்த்தேன். பெரியப்பா அசையாமல் நின்ற இடத்தில் விரல் நகம்கூடத் தெரிகிறது. சுழன்று ஆடத் தொடங்கியதும் மணிக்கட்டுக்குக் கீழே கையே இல்லை. தோளில் கட்டும் புஜக்கட்டை இரண்டாகத் தெரிகிறது.

கடைக்குத் தொலைபேசினேன். "உங்கள் மென்பொருளில்தான் கோளாறு" என்றார்கள். மறுநாள், விவரம் தெரிந்தவர் விடுப்பில் போயிருக்கிறாராம். நேரில் போனால், "ரசீதில் ஒத்திசைவு என்றுதானே இருக்கிறது, எந்த ஒத்திசைவு என்று இல்லையே" என்கிறார் அதே மனிதர். 48,000 ராண்ட் வாங்கியபோது இந்த வித்தியாசம் தெரியவில்லையா?

மூட்டு வலியோடு இரண்டு நாள் ஆடிய பெரியப்பா, "படம் நன்றாக வந்ததா ராசா?" என்று தினமும் கேட்கிறார்.

விவரமாக எழுத மனம் ஓடவில்லை. இவ்வளவு மட்டும். மின்விசிறியின் ஒரு இறக்கையில் வெள்ளை நாடா ஒட்டிச் சுழலவிட்டு, கேமராக்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள்; ஒரே எண் உள்ள பிரேமில் இரு கேமராவிலும் நாடா வேறு வேறு இடத்தில் நின்றால் வாடகைக்கு எடுக்காதீர்கள். 'ஜென்லாக்' என்ற சொல்லையே ரசீதில் எழுதி வாங்குங்கள். சோதித்துப் பார்க்கும்வரை பாதிப் பணத்துக்குமேல் கொடுக்காதீர்கள்.