காப்பகத்தில் பாட்டும் அசைவும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வளாகத்திலேயே நடக்கும் குழந்தைகள் காப்பகத்தில், ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளின் அறையைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி அமைந்த காப்பகம் இது. தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் வேலை செய்யும் தாய்மார்கள் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகள், மாலை வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் இருப்பார்கள். ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடல் அசைவில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. முற்றமில்லாத கட்டடத்தில் அதற்கு வழி தேடியபோதுதான் பாட்டும் தாளமும் எங்கள் அன்றாட வேலையின் பகுதியாயின. அதற்காக வாங்கியவற்றிலும் செய்துகொண்டவற்றிலும் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் வந்தது ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அதில் பாட்டுப் போட்டவுடன் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் முழங்காலை மடக்கி மடக்கி எழும்புவார்கள். பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் வேறு பக்கம் போயிருப்பார்கள். அதே பாட்டை ஒருவர் தரையில் அமர்ந்து, சிறிய கைமேளம் ஒன்றைத் தட்டிக்கொண்டு பாடினால், பத்துப் பன்னிரண்டு குழந்தைகளும் அருகில் வந்துவிடுகிறார்கள், பாட்டு முடிந்தும் போவதில்லை. பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். இரண்டு வயதுக் குழந்தை தன் தாளத்தில்தான் தட்டும். அந்த வேகம் பெரியவர்களுடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பாடுபவர் அதைக் கவனித்துத் தம் வேகத்தை மாற்றிக்கொண்டால், தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பிறகுதான் அது நம்மைப் பின்தொடரத் தொடங்குகிறது.

செபாஸ்டியான் கிர்ஷ்னரும் மைக்கேல் தொமசெல்லோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்த அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது. இரண்டரை முதல் நாலரை வயது வரையிலான குழந்தைகளை ஒரு மனிதருடனும், மேளம் தட்டும் கருவியுடனும், ஒலிபெருக்கியில் வரும் ஓசையுடனும் தனித்தனியே தாளம் தட்டச் செய்து பார்த்தபோது, மனிதருடன் தட்டிய வேளையில்தான் தாளம் நன்றாகப் பொருந்தியது. எங்கள் ஸ்பீக்கர் இப்போது மதிய உறக்க நேரத்தில், மிகத் தாழ்ந்த ஒலியில் மட்டும் பயன்படுகிறது.

பயிற்சிகளில் நீண்ட காலம் சலிக்காமல் நிற்பது, மேளம் ஒலிக்கும்போது நடப்பதும், மேளம் நின்றதும் அசையாமல் நிற்பதும்தான். தொடக்கத்தில் மேளம் நின்ற பிறகும் குழந்தைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதற்காக யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது, விளையாட்டிலிருந்து விலக்கவும் கூடாது. நாள்தோறும் ஒரே பாட்டு, ஒரே இடத்தில் நிறுத்தம் என்று தொடர்ந்தால், சில வாரங்களில் அந்த நிறுத்தத்தை அவர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நம் கையையே பார்ப்பார்கள். புதுப் பாட்டு வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்குத்தான். இந்த வயதினருக்குத் தெரிந்த பாட்டு திரும்ப வருவதே இன்பம்.

எங்கள் அறையில் தமிழ்க் குழந்தைகளுடன் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகளும் இருக்கிறார்கள். புதிதாக வரும் குழந்தைக்கு நாங்கள் பேசுவது எதுவும் விளங்காத அந்த முதல் நாட்களில், சாய்ந்தாடுவதும் கைவீசுவதும் கைகொட்டுவதும் எடுத்த எடுப்பிலேயே விளங்கிவிடுகின்றன. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை முன்னும், பறை முழக்கும் சிறுபறைப் பருவத்தைப் பின்னும் வைத்தார்கள். அந்த வரிசை எங்கள் அறையிலும் மாறுவதில்லை: கைகொட்டிப் பழகாத குழந்தையிடம் குச்சியைக் கொடுத்தால், அது மேளத்தை விட்டுப் பக்கத்திலிருப்பவரைத்தான் தட்டுகிறது. எனவே இரண்டரை வயது ஆகும்வரை எங்கள் அறையில் வெறுங்கைத் தாளம் மட்டுமே.

கருவிகளைப் பொறுத்தவரை, விலையைவிடப் பாதுகாப்பையே முதலில் பார்க்கச் சொல்வேன். மூன்று வயதுக்குள் எல்லாமே வாய்க்குத்தான் போகும். ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் எந்தத் துண்டும் இந்த வயதினருக்கு மூச்சடைப்பு அபாயம் என்பது பன்னாட்டுப் பொம்மைத் தரங்களில் உள்ள அளவுகோல். கால் சலங்கையிலிருந்து கழன்று விழும் மணி அதற்குள் எளிதாக அடங்கும் என்பதால் சலங்கையை முற்றிலும் விலக்கிவிட்டோம். பயறு போட்டு மூடிய பிளாஸ்டிக் புட்டிகள் நல்ல ஓசை தந்தாலும், மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பைக் குழந்தைகள் நகத்தால் உரித்துவிடுவார்கள்; ஒரு பயறு மூக்குக்குள் போனாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடையில் வாங்கும் கிலுகிலுப்பைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரக் கிலுகிலுப்பைகள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விரிசலின்றி இருக்கின்றன. பனையோலைக் கிலுகிலுப்பையின் மெல்லிய ஓசை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் எச்சில் பட்டுப்பட்டு விரைவில் நைந்துவிடுகிறது. தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி இணைகள் செலவே இல்லாதவை. விளிம்பில் சிராம்பு கிளம்புகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும்.

பழைய நூல் சேலை ஒன்றைச் சுற்றி நின்று பிடித்து, பாட்டுக்கேற்ப மேலும் கீழும் அசைப்பதை எல்லாக் குழந்தைகளும் விரும்புகிறார்கள். இதற்கென்று விற்கும் வண்ணப் பாராசூட் துணி எங்கள் அறைக்குத் தேவைப்படவில்லை.

ஓசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் கட்டையைத் தட்டினால், தகரக் கூரை போட்ட அறையில் பெரியவர்களாலேயே தாங்க முடியாது. ஒரு வேளைக்கு மூன்று நான்கு கருவிகளை மட்டும் வெளியே எடுத்து மாற்றி மாற்றித் தருகிறோம். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையை வட்டத்துக்குள் இழுப்பதில்லை. அது சுவரோரம் நின்று பார்த்தபடியே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, வீட்டில் போய்ப் பாடுவதாகத் தாய் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளை எப்போது மேடையில் ஆடும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. மூன்று வயதுக்குள் மேடையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: ஒத்திகை என்று வந்தவுடன் குழந்தையின் தாளத்தை நாம் பின்தொடர்வது நின்று, நம் தாளத்துக்கு அதை இழுப்பது தொடங்கிவிடுகிறது. அதற்கு மாற்றாக, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்கு வந்து பார்க்கலாம் என்று அதே 2017 திருத்தம் கொண்டுவந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்கிறோம். தேநீர் இடைவேளையில் வரும் தாய்மார்களை வட்டத்தில் உட்கார வைத்து, அவர்கள் வீட்டில் பாடும் பாட்டைப் பாடச் சொல்கிறோம். இப்படிக் கிடைத்த இரண்டு ஒடியாப் பாட்டுகளையும் ஒரு போஜ்புரிப் பாட்டையும், அந்தத் தாய்மார்களின் சம்மதத்துடன் தொலைபேசியில் பதிந்துவைத்து, நானும் உதவியாளர்களும் உச்சரிப்புப் பழகி வருகிறோம்.